ஓபன் பேங்கிங் விதிகள்: கமிட்டியில் யார், பேனா யார் கையில்?

காலாப்பட்டில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "ஓபன் பேங்கிங்குக்கு விதி எழுதும்போது பல நாடுகளில் தொழில்துறை ஆலோசனைக் குழு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். வங்கிகளையும், செயலி வழியாக நிதிச் சேவை தரும் ஃபின்டெக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் விதிக்கு அவர்களிடமே யோசனை கேட்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது ஆகாதா? அந்தக் குழுவால் உண்மையில் என்ன பயன்?"

பூனை உவமை சரிதான் தம்பி. ஆனால் பால் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, மூடி எங்கே இடுக்கு விட்டிருக்கிறது என்பதும் பூனைக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் பூனையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்து, கடைசிக் காலத்தைக் கடலூர் மாவட்டத்துக் கிளைகளில் கடன் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பூனைகளோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓபன் பேங்கிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்து விற்கும் ஒருவர் கடனுக்கு வருகிறார். அவருடைய வரவு செலவெல்லாம் வேறொரு வங்கியில் இருக்கிறது. என் காலத்தில் அவர் அந்த வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, ஸ்டேட்மென்ட் வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை போட்டுக் கொண்டுவருவார். அப்புறம் பிடிஎஃப் வந்தது. அதோடு பிடிஎஃபைத் திருத்துகிறவர்களும் வந்தார்கள். அதற்கும் அப்புறம், "உங்கள் நெட் பேங்கிங் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று கேட்கும் கடன் செயலிகள் வந்தன. வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்து அலமாரியில் இருக்கும் ஒரு காகிதத்தை எடுத்துவரச் சொல்வது போன்ற காரியம் அது. ஓபன் பேங்கிங்கில் பாஸ்வேர்டு கைமாறுவதில்லை. "இன்ன விவரத்தை, இன்ன காலத்துக்கு, இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காகக் கொடு" என்று கணக்குக்காரர் தன் வங்கிக்கு ஒப்புதல் தருகிறார். வங்கியின் கணினி அந்த விவரத்தை மட்டும், கேட்ட நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. நம் நாட்டில் இந்த வேலைக்கு நடுவில் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்று ஓர் இடைநிலை நிறுவனம் இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுபோகும் தபால்காரரைப் போன்றது அது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. விவரம் பூட்டிய நிலையிலேயே போகும்.

இதற்கு விதி எழுத ஒரு குழு எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவுக்குப் போகும் முன் விருத்தாசலம் போய்விட்டு வரலாம். எங்கள் பக்கத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. "கமிட்டி" என்றுதான் சொல்வார்கள். "மல்லாட்டை மூட்டையைக் கமிட்டிக்கு ஏத்திட்டேன்" என்பார் என் தாத்தா; மல்லாட்டை என்றால் நிலக்கடலை. விற்பனைக் குழு என்பதில் இருக்கும் அந்தக் குழுதான் பேச்சில் கமிட்டியாகி, அப்புறம் கட்டடத்துக்கே பெயராகிவிட்டது. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தபோது, சட்டத்தை எழுதியது அரசாங்கம். ஆனால் எடைக்கல் எப்படி ஏமாற்றுகிறது, சாம்பிள் என்று சொல்லி எத்தனை கை அள்ளுகிறார்கள், ஈரம் என்று சொல்லி எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதெல்லாம் கோட்டையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. களத்தில் நிற்பவனுக்கும் மண்டிக்காரருக்கும்தான் தெரியும். அதனால் விவசாயியையும் வியாபாரியையும் ஒரே குழுவில் உட்கார வைத்தார்கள். வியாபாரி தன் லாபத்தைப் பார்ப்பான்தான். ஆனால் அவன் இல்லாமல் மறைமுக ஏலம் எத்தனை மணிக்கு வைத்தால் லாரி கிளம்பும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஓபன் பேங்கிங் ஆலோசனைக் குழுவின் முதல் பயனும் அதுதான். விதியை எழுதுகிறவருக்குத் தெரியாத நடைமுறையை அது மேசைக்குக் கொண்டுவருகிறது.

ஓர் உதாரணம். அக்ரிகேட்டர் செயலியில் உங்கள் கணக்கைத் தேடுவது கைபேசி எண்ணை வைத்து. எண்ணை உறுதி செய்ததும், அந்த எண்ணோடு இணைந்த கணக்குகளை வங்கி காட்டுகிறது. நீங்கள் ஓடிபி போட்டு இணைக்கிறீர்கள். காகிதத்தில் படிக்கும்போது குறையே தெரியாது. மும்பையில் உட்கார்ந்து எழுதினால் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டில் ஒரு ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கும். அது மகனிடம் இருக்கும். கணக்கு தொடங்கிய நாளில் "நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டபோது, அம்மா தன் கணக்குக்கும், முதியோர் பென்ஷன் வரும் பாட்டியின் கணக்குக்கும் அதே எண்ணைத்தான் சொல்லியிருப்பார். சில சமயம் சுய உதவிக் குழுக் கணக்கிலும் அந்த எண்தான் ஏறியிருக்கும். இப்போது ஒப்புதல் தருவது யார்? சட்டப்படி அம்மா, நடைமுறையில் போன் யார் கையில் இருக்கிறதோ அவர். வங்கி கவுன்டரில் ஆறு மாதம் உட்கார்ந்த எந்த கிளார்க்கும் இதைச் சொல்லிவிடுவார். விதியில் இது இடம்பெற வேண்டுமென்றால் அந்த கிளார்க் சொல்வதைக் கேட்டு மேலே சொல்லும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

இன்னொன்று பெயர். ஆதாரில் "முருகன் செ", பான் அட்டையில் "செல்வராசு முருகன்", பாஸ்புக்கில் "எஸ். முருகன்". வடக்கே உட்கார்ந்து பெயர் ஒப்பிடும் நிரலை எழுதும் பையனுக்கு இவர்கள் மூன்று பேர். நம் இனிஷியல் பழக்கத்தை அவனுக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா?

மூன்றாவது, எங்கள் ஊருக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதம் கடலூர் துறைமுகத்துப் படகுக்காரர் கணக்கில் வரவு கிட்டத்தட்ட நின்றுவிடும். ஜூலையில் ஒருவர் கடன் கேட்டு வந்து, ஆறு மாத விவரத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்கி ஒரு கணினி பார்த்தால், "வருமானம் நின்றுபோன ஆள்" என்று ஒதுக்கிவிடும். இரண்டு வருட விவரம் பார்த்தால் போன வருடமும் இதே மாதங்களில் இதே பள்ளம் இருப்பது தெரியும். பண்ருட்டி முந்திரியும் இப்படித்தான். கொட்டை வரும் மாதங்களில் பணம் கொள்முதலுக்கு வெளியே ஓடும், அப்புறம்தான் மெதுவாகத் திரும்பும். ஆக, "தேவைக்கு மேல் விவரம் கேட்காதே" என்ற நல்ல கொள்கை ஒரு பக்கம், "பருவத் தொழிலுக்கு நீண்ட கால விவரம் தேவை" என்ற உண்மை இன்னொரு பக்கம். எத்தனை மாதம் என்ற எண்ணை முடிவு செய்ய இரண்டையும் தெரிந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தாக வேண்டும்.

சரி, இனி ஆஸ்திரேலியா. ஆலோசனைக் குழுவைச் சட்டத்துக்குள்ளேயே ஒழுங்காகப் பொருத்திய நாடு என்று நான் நினைப்பது அதைத்தான். அங்கே இதற்கு நுகர்வோர் தரவு உரிமை என்று பெயர். 2017இல் ஸ்காட் ஃபாரெல் என்ற வழக்கறிஞர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 2019இல் சட்டம் வந்தது. அங்கே மூன்று அடுக்கு: மேலே சட்டம், அதன் கீழே விதிகள், அதன் கீழே தொழில்நுட்பத் தரநிலைகள். தரநிலைகளை முடிவு செய்ய ஒரு தலைவர் உண்டு. அவருக்கு யோசனை சொல்ல ஆலோசனைக் குழு வைத்தே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதில் நுகர்வோர் சார்பிலும் தனியுரிமை சார்பிலும் ஆள் இருந்தாக வேண்டும் என்பதும் விதி. முக்கியமானது இது: குழு யோசனை சொல்லலாம், முடிவு தலைவருடையது. கூட்டக் குறிப்புகள் வெளியிடப்படுகின்றன. வரைவுத் தரநிலைகளும் திறந்த இடத்தில் வைக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். எந்த வங்கி எதை எதிர்த்தது என்பது பெயரோடு தெரியும். மூடிய அறையில் சொல்லும் ஆட்சேபத்துக்கும் ஊர் பார்க்க எழுதும் ஆட்சேபத்துக்கும் இருக்கும் வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே நடந்த கூட்டுக் கணக்கு விவகாரம் ஒன்று போதும், குழுவும் கலந்தாலோசனையும் எதற்கு என்று காட்ட. கணவன் மனைவி பெயரில் ஒரு கணக்கு. ஒருவர் மட்டும் ஒப்புதல் தந்தால் விவரத்தைக் கொடுக்கலாமா? தொடக்கத்தில், இருவரும் முன்கூட்டியே சம்மதம் பதிவு செய்தால்தான் பகிரலாம் என்று வைத்தார்கள். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் செயலியில் பாதி வழி வந்தபின், மற்றவர் தனியாக உள்ளே வந்து சம்மதம் தர வேண்டும்; பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஃபின்டெக் தரப்பு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நுகர்வோர் தரப்பிலிருந்து வேறொரு கேள்வி வந்தது: வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண் இருந்தால் என்ன செய்வது? அவளுடைய செலவு விவரத்தை வைத்து எங்கே தங்கியிருக்கிறாள் என்று கணவன் கண்டுபிடித்துவிட மாட்டானா? 2021இல் விதியை மாற்றினார்கள், 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒருவர் ஒப்புதல் தந்தாலே இயல்பாகப் பகிரலாம். மற்றவருக்குத் தகவல் போகும். அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆபத்து இருக்கும் இடத்தில் வங்கி தகவல் அனுப்பாமலும் இருக்கலாம். வங்கிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடைசி வரி வந்திருக்குமா? ஃபின்டெக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதற்கு முந்தைய வரி வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

தரநிலையில் வரும் எண்களையும் பாருங்கள். வங்கியின் தரவு வழி, அதாவது விவரம் வெளியே போகும் கணினி வாசல், மாதத்தில் 99.5 சதவீதம் நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். படிக்க ஏதோ நூற்றுக்கு நூறு போலத் தெரியும். கணக்குப் போட்டால், முன்கூட்டியே திட்டமிட்ட நிறுத்தம் போக, 30 நாள் மாதத்தில் சுமார் மூன்றரை மணி நேரம் மூடியிருக்கலாம். பெரிய வங்கிக்கு இது ஒன்றுமில்லை. கணினி அடிக்கடி எதிர்பாராமல் நின்றுபோகும் சிறிய வங்கிக்கு இது கழுத்தை நெரிக்கும் எண். எந்த எண்ணை வைத்தால் யார் மூச்சுத் திணறுவார்கள் என்று தெரியாமல் எழுதினால், பெரியவர்கள் மட்டும் தாக்குப்பிடிக்கும் விதி வந்துவிடும். போட்டியை வளர்க்கத்தான் ஓபன் பேங்கிங் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று புரியும்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2017இல் ஓர் ஆணை போட்டு, ஒன்பது பெரிய வங்கிகளைத் தரவு வழியைத் திறக்கச் சொன்னது. நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பு. அதற்குச் செலவு அந்த ஒன்பது வங்கிகளுடையது. மேலே சுதந்திரமான ஒரு பொறுப்பாளர். வழிநடத்தும் குழுவில் ஃபின்டெக், நுகர்வோர் தரப்பும் உண்டு. 2018 ஜனவரியில் தொடங்கியும்விட்டார்கள். வேகம் என்று பார்த்தால் உலகத்திலேயே அவர்கள்தான் முன்னால். ஆனால் ஒரே ஆளிடம் அதிகாரம் குவிந்து, கண்காணிப்பு தளர்ந்து, 2021இல் அந்த அமைப்பின் நிர்வாகத்தைப் பற்றித் தனி விசாரணை அறிக்கையே வரும்படி ஆனது. குழு, அமைப்பு, பொறுப்பாளர் என்று எத்தனை அடுக்கு வைத்தாலும், ஆணையமே தொடர்ந்து எட்டிப் பார்க்காவிட்டால் இப்படித்தான் முடியும்.

ஆனாலும் பிரிட்டனில் தொழில்துறை சொன்னது சரியாக இருந்து, விதி மாறிய ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. ஐரோப்பிய விதியிலிருந்து வந்த ஒரு கட்டுப்பாட்டின்படி, கணக்கு விவரம் பார்க்கும் ஒவ்வொரு செயலிக்காகவும் 90 நாளுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் தன் வங்கிக்குள் மறுபடி போய் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். நாலு வங்கியில் கணக்கு இருந்தால் நாலு தடவை. ஜனங்கள் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள். 2021 நவம்பரில் நிதி நடத்தை ஆணையம் இதை மாற்றியது: வங்கிக்குள் மறுபடி போக வேண்டாம், செயலியே 90 நாளுக்கு ஒருமுறை "தொடரலாமா?" என்று கேட்டால் போதும். ஒப்புதலைப் புதுப்பிப்பது என்ற பாதுகாப்பு நின்றது. ஓடிபி சித்திரவதை போனது. தொழில்துறையின் முறையீட்டை விதி எழுதுகிறவர் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. புகாரில் இருக்கும் உண்மையை எடுத்துக்கொண்டு, கேட்ட பரிகாரத்தை அப்படியே கொடுக்காமல் விடுவது.

இங்கேதான் உங்கள் பூனைக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய குழுக்கள் இல்லை, மாவட்ட அளவு வங்கியாளர் கூட்டம், ஒன்றிரண்டு பணிக்குழு, அவ்வளவுதான். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். "எப்படிச் செய்வது" என்று கேட்டால் தொழில்துறை பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். "எப்போது முடியும்", "எவ்வளவு செலவாகும்", "தப்பு நடந்தால் யார் பொறுப்பு" என்று கேட்டால், அந்தப் பதிலைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். காலக்கெடு கேட்டபோது "பதினெட்டு மாதம்" என்று கூசாமல் சொன்ன ஓர் அதிகாரியை எனக்குத் தெரியும். காபி இடைவேளையில் "ஆறு மாதம் போதும் சார், ஆனா இப்பவே சொன்னா தலையில கட்டிடுவாங்க" என்றார். நானும் அதற்குச் சிரித்தேன், மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் ஒரு பூனைதான். ஆஸ்திரேலியாவிலேயே வங்கி வாடிக்கையாளர் தரவைத் திறக்கும் தேதி 2020 பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போனது. சோதனையும் பாதுகாப்பும் முழுமையாக வேண்டும் என்ற நியாயமான காரணம் இருந்தது. ஆனால் எந்தத் தாமதம் நியாயமானது, எது காபி இடைவேளைத் தாமதம் என்று கண்டுபிடிக்க ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொந்தமாகக் கணினி தெரிந்த ஆட்கள் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆலோசனைக் குழு மெல்ல மெல்ல முடிவுக் குழுவாகிவிடும்.

குழு போட்டே காலம் தள்ளுவதும் உண்டு. கனடாவில் 2018இல் ஓபன் பேங்கிங்குக்கு ஆலோசனைக் குழு போட்டார்கள். 2021இல் இறுதி அறிக்கை வந்தது, 2023 ஜனவரிக்குள் தொடங்கலாம் என்றது. சட்டத்தின் முதல் பகுதியே 2024இல்தான் வந்தது. அறிக்கையில் குறையில்லை. அறிக்கைக்குப் பின் வேலையை எடுத்துச் செய்ய ஆள் யார் என்பதுதான் இழுத்தது. நமக்கு இது புதிதா என்ன?

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் விதி, அப்புறம்தான் குழு என்று கொஞ்சம் தலைகீழாக நடந்தது. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2 அன்று அக்கவுன்ட் அக்ரிகேட்டர்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது. வங்கிகள் உண்மையில் இணைந்து பொதுமக்களுக்குத் திறந்தது 2021 செப்டம்பர் 2. சரியாக ஐந்து வருடம். நடுவில் என்ன நடந்தது? ஒப்புதல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், எந்தக் கணினி எப்படிப் பேச வேண்டும் என்ற தொழில்நுட்ப விவரத்தை ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ரெபிட் எழுதி, 2019 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தொழில் தரப்பில் சஹமதி என்ற லாபநோக்கற்ற கூட்டமைப்பு உருவானது. அது செய்த வேலை வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. விவரம் கொடுக்கும் நூறு நிறுவனம், வாங்கும் நூறு நிறுவனம் என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட முடியுமா? பத்தாயிரம் ஒப்பந்தம் ஆகும். எல்லோரும் ஒரே பொது நிபந்தனையில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இந்த மாதிரிக் குழாய் வேலையை ரிசர்வ் வங்கி உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. எந்தக் காரணத்துக்கு எத்தனை மாத விவரம், எத்தனை தடவை எடுக்கலாம் என்று நியாயப் பயன்பாட்டு மாதிரிகளையும் அந்தக் கூட்டமைப்பு வகுத்தது.

ஆனால் கூட்டமைப்பால் முடியாதது ஒன்று இருந்தது. சில நிறுவனங்கள் மற்றவர்களின் விவரத்தை வாங்க ஓடி வந்தன. தங்களிடம் இருப்பதைக் கொடுக்க மட்டும் வரவில்லை. விருந்துக்கு வந்து மொய் வைக்காமல் போகும் கதை. சொல்லிப் பார்த்தாலும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் என்ன செய்ய முடியும்? 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரே சுற்றறிக்கையில் முடித்தது: விவரம் வாங்குகிறவராக இணையும் நிறுவனத்திடம் பகிரக்கூடிய விவரம் இருந்தால், அது கொடுக்கிறவராகவும் இணைந்தே ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கக்கூடியது எது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது எது என்ற பிரிவினை இதில் தெளிவாகத் தெரிகிறது.

2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இந்தத் துறைக்கு ஒரு சுய ஒழுங்குமுறை அமைப்பை அங்கீகரிப்பதற்கான சட்டகத்தை வெளியிட்டது. இது ஆலோசனைக் குழுவை விட ஒரு படி மேலே. உறுப்பினர்களுக்கு நடத்தை விதி வைக்கலாம், கண்காணிக்கலாம், தகராறு தீர்க்கலாம். இதற்கெல்லாம் பொதுவாக அந்த ஆண்டு மார்ச்சில் வந்த சட்டகத்தைச் சட்டம் படிக்கிறவர் என்ற முறையில் நீங்கள் ஒருதடவை படித்துவிடுங்கள். யாரும் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கக்கூடாது, இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது சுதந்திரமானவர்கள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. பூனைக்கு மணி கட்டுவதை இவர்கள் மறந்துவிடவில்லை.

அதற்கு அப்பால் பொதுவான ஏற்பாடும் இருக்கிறது. 2021இல் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளைக் களையெடுக்க ஒழுங்குமுறை மறுஆய்வு ஆணையம் ஒன்றை வைத்தபோது, வங்கித் துறையினரைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு அதற்குத் துணையாக இருந்தது. காலாவதியான 714 அறிவுறுத்தல்களைத் திரும்பப் பெறலாம் என்று அந்த ஆணையம் சொன்னது. கிளையில் அந்தச் சுற்றறிக்கைகளைக் கோப்பு கோப்பாகக் கட்டி வைத்திருந்தவன் என்ற முறையில் அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீரே வந்தது. 2025 அக்டோபரிலிருந்து ஒழுங்குமுறை மறுஆய்வுப் பிரிவு ஒன்று நிரந்தரமாகவே இருக்கிறது. ஒவ்வொரு விதியையும் ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குத் துறை அனுபவமுள்ளவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. தலைவர் ஸ்டேட் வங்கியின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவர்.

இந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லோரும் தலைமையகத்து ஆட்கள். திறமையானவர்கள், சந்தேகமில்லை. ஆனால் கிராம வங்கிக்காரர் எங்கே? சிறிய ஊர்க் கூட்டுறவு வங்கிக்காரர் எங்கே? நெல்லித்தோப்பிலோ முதுநகரிலோ மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா எங்கே? அவருக்கு இடம் கொடுத்தாலும் மும்பைக்கு வந்துபோகும் செலவை யார் தருவது, இருநூறு பக்க வரைவை யார் அவருக்குப் படித்துச் சொல்வது? சம்பளத்தோடு ஒரு பிரிவையே இதற்கென்று வைத்திருக்கும் பெரிய வங்கிக்கும், தன் சொந்த நேரத்தில் வரும் நுகர்வோர் சங்கத்துக்காரருக்கும் ஒரே மேசையில் நாற்காலி போட்டுவிட்டால் இருவரும் சமமாகிவிட மாட்டார்கள். மாவட்ட வங்கியாளர் கூட்டத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். விவசாயிகள் பிரதிநிதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்; அவர் முறை வரும்போது கலெக்டருக்கு வேறு கூட்டம் வந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் நிதி ஆணையம் தரவு விதியை எழுதும் முன், அந்த விதி பாதிக்கக்கூடிய சிறு நிறுவனங்களைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரியவர்களோடு சேர்த்து இல்லை, தனியாக. நம் ஊருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆக, பயன் என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: குழு தகவல் தரலாம், எச்சரிக்கலாம், நடைமுறைக் குழாய்களை இணைக்கலாம், பேனா மட்டும் ஒழுங்குமுறை அமைப்பின் கையில் இருக்க வேண்டும். குழு சொன்னதை ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத்தில் வெளியே வர வேண்டும். இந்தப் பின்பாதி இங்கே மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சட்டகத்தின்படி, புதிய விதியின் வரைவைக் குறைந்தது 21 நாளாவது பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும்; வந்த கருத்துகளுக்குப் பொதுவான ஒரு பதிலையும் இறுதி விதியோடு வெளியிட வேண்டும். அவசரப் பொதுநலன் போன்ற சில விலக்குகள் உண்டு. வரைவுகள் ரிசர்வ் வங்கித் தளத்தில் கனெக்ட் 2 ரெகுலேட் என்ற பகுதியில் வருகின்றன. குழுவில் நாற்காலி கிடைக்காதவர்களுக்கு இந்த 21 நாள்தான் நாற்காலி.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்புத் தோழர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினமோ தேவனாம்பட்டினமோ போங்கள். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஒரே கைபேசி எண்ணில் எத்தனை பேருடைய வங்கிக் கணக்கு இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு கேட்டு எண்ணுங்கள். பெயர் வேண்டாம், கணக்கு எண் வேண்டவே வேண்டாம், எண்ணிக்கை மட்டும். ஒப்புதல் பற்றிய அடுத்த வரைவு வரும்போது அந்த எண்ணிக்கையை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதியதை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி காட்டினால், வங்கிக்காரன் கண்ணில் எங்கே இடிக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.